கொல்லைப்புற டிராம்போலின்: வட்டமா, செவ்வகமா?

கொல்லைப்புறம் (கேள்வி)

வணக்கம். டாலஸ் பக்கம், ஃப்ரிஸ்கோ. பேட்டியோ (வீட்டை ஒட்டிய சிமெண்ட் தளம்) முடிகிற இடத்திலிருந்து மரவேலி வரை 24 அடி, பக்கவாட்டில் 40 அடி, சமமான புல்தரை. கிழக்கு மூலையில் ஒரு ஓக் மரம். அதன் தாழ்ந்த கிளை தரையிலிருந்து 18 அடி உயரத்தில் இருக்கிறது. பெரியவளுக்கு 9 வயது, 30 கிலோ, வாரத்தில் இரண்டு நாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. சின்னவனுக்கு 5 வயது, 17 கிலோ.

14 அடி வட்டம் ஒன்று, 9-க்கு 14 அடி செவ்வகம் ஒன்று, இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். செவ்வகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது? விளம்பரத்தில் "நல்ல பவுன்ஸ்" என்பதைத் தாண்டி ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி

முதல்ல டேப்பை எடுங்க, வடிவத்தை அப்புறம் பாக்கலாம். சுத்தி எல்லாப் பக்கமும் 6 அடியாவது காலியா இருக்கணும். வேலி, பேட்டியோ சிமெண்ட், கிரில் அடுப்பு எதுவும் அந்த 6 அடிக்குள்ள வரக்கூடாது. 14 அடி வட்டம்னா 14 + 6 + 6 = 26 அடி. உங்ககிட்ட இருக்கறது 24. அதனால 14 அடி வட்டம் இங்கேயே அவுட். 12 அடி வட்டம் சரியா 24-ல உக்காரும், ஒரு அங்குலம்கூட மிச்சம் இருக்காது. 9-க்கு 14 செவ்வகத்தை வேலிக்கு இணையா நீளவாக்குல போட்டா 21-க்கு 26 அடி போதும். 3 அடி மிச்சம்.

மேல பாக்கணும். தரையிலிருந்து 24 அடி வரை ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னுதான் பெரும்பாலான மேனுவல்ல போட்டிருக்கும். உங்க கிளை 18 அடி. மரத்தை விட்டுத் தள்ளி மேற்குப் பக்கமா வையுங்க. 40 அடி அகலம் இருக்கே. கிளையை வெட்டலாம்னு நினைச்சா பிப்ரவரியிலிருந்து ஜூன் வரைக்கும் கை வைக்காதீங்க. டெக்சஸ்ல ஓக் வில்ட் நோய் பரவற சீசன் அது. மத்த மாசத்துல வெட்டினாலும் வெட்டின இடத்துல உடனே பெயிண்ட் அடிச்சுடணும்.

இப்ப விலைக்கு வருவோம். ஸ்பிரிங் எல்லாம் ஃப்ரேமை உள்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கு, யாரும் குதிக்காதப்பவும். ஊர்ல உறைகிணறு பாத்திருப்பீங்க. நாலா பக்கமும் மண் சமமா நெருக்கும், உறை அசையாம நிக்கும். வட்ட ஃப்ரேமும் அதே கதைதான்: இழுவை சுத்திலும் சமம், குழாய்க்கு அமுக்கம் மட்டும்தான், வளையற வேலையே இல்லை. அதனால மெல்லிசுக் குழாய்லயே காலத்தை ஓட்டிடலாம். செவ்வகத்துல 14 அடி நேர்க்குழாயை முப்பது, நாப்பது ஸ்பிரிங் ஒரே பக்கமா இழுக்குது. ஈரப் போர்வையைக் காயப்போட்ட மூங்கில் நடுவுல தொங்குமே, அதுமாதிரி உள்பக்கமா வளையப் பாக்கும். வளையாம இருக்கணும்னா விட்டம் பெருசா, சுவர் கனமா இருக்கற குழாய் வேணும். நீங்க கூடுதலா கொடுக்கற காசுல பெரும்பகுதி அந்த இரும்புக்குத்தான்.

அதனால செவ்வகத்துல மலிவுன்னு ஒண்ணு வந்தா சந்தேகப்படுங்க. குழாய்ச் சுவர் கனம் எவ்வளவுன்னு கேளுங்க. கேஜ் கணக்குல சொன்னா நம்பர் குறையக் குறைய கனம் ஜாஸ்தி: 16 கேஜ் சுமார் 1.5 மி.மீ., 14 கேஜ் சுமார் 1.9, 12 கேஜ் சுமார் 2.7. செவ்வகத்துக்கு 14 கேஜைவிட மெல்லிசா வாங்காதீங்க. நீளப் பக்கத்துல 2 மி.மீ.க்கு மேல இருந்தா இன்னும் நிம்மதி. கனத்தைச் சொல்லாம மொத்த எடை மட்டும் போட்டிருந்தா, அதே அளவுள்ள ரெண்டு மூணு மாடலோட எடையை ஒப்பிட்டுப் பாருங்க. கட்டாயம் தெரிஞ்சுடும்.

குட்டிக்கரணம்

ஃப்ரேம் கணக்கை மேலே சொன்னவர் சரியாகச் சொல்லிவிட்டார். குதிக்கிற பிள்ளைக்கு என்ன வித்தியாசம் என்று நான் சொல்கிறேன்.

வட்டத்தில் ஓரத்தில் இறங்கினால் மேட் (குதிக்கிற துணி) நடுவை நோக்கிச் சரிகிறது. அண்டாவுக்குள் கோலி போட்டால் எங்கே போட்டாலும் நடுவுக்கு உருண்டு வருவது போலத்தான். தனியாகக் குதிக்கிற குழந்தைக்கு இது நல்லது. ஓரத்துக்குப் போனாலும் நடுவுக்குத் திரும்ப வந்துவிடும். இரண்டு பேர் குதித்தால் இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து மண்டையோடு மண்டை மோத வைக்கும். செவ்வகத்தில் இறங்கிய இடத்துக்குப் பக்கத்து ஸ்பிரிங்குகள்தான் அதிகமாக வேலை செய்யும். அதனால் ஏறக்குறைய நேராக மேலே அனுப்பும், வேகமாகவும் அனுப்பும். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பெண்ணுக்கு அதுதான் பிடிக்கும், அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் "ஒலிம்பிக்கில் செவ்வகம், அதனால் வீட்டிலும் செவ்வகம்" என்று சிலர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போட்டி மேட் சுமார் 4.28-க்கு 2.14 மீட்டர், மெல்லிய நாடாக்களை இடைவெளி விட்டுப் பின்னியது, காற்று அதன் வழியே போய்விடும். வீட்டு மேட் நெருக்கமாக நெய்த பாலிப்ரொப்பிலீன், காற்றைப் பிடித்து நிறுத்தும். வடிவம் ஒன்றுதான், துள்ளல் வேறு. அங்கே இரண்டு முனையிலும் தடித்த மெத்தை, பக்கத்தில் பிடிக்க ஆள்.

இன்னொன்று, 17 கிலோ பையனுக்குப் பெரிய செவ்வகம் பலகை மாதிரி இருக்கும். 8.5, 10 அங்குல கனமான ஸ்பிரிங்கை அமிழ்த்த அவன் எடை போதாது. மேலே நின்று டொக் டொக் என்று கால் அடிப்பான், துள்ளமாட்டான். அந்த வயதுக்கு மெதுவான, மென்மையான வட்டம்தான் ஒத்துவரும்.

அதையும் தாண்டி ஒரு விஷயம். 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை முழு அளவு டிராம்போலினில் ஏற்ற வேண்டாம் என்றுதான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. சின்னவன் ஒரு வருஷம் பொறுக்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2012 அறிக்கை வீட்டு டிராம்போலினையே ஊக்குவிக்கவில்லை: காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நடக்கின்றன, அடிபடுவது கூட்டத்தில் சின்னப் பிள்ளைதான். கனமானவருடன் குதிக்கும் சிறியவருக்கு அடிபடும் வாய்ப்பு அந்தக் கனமானவரைவிட 14 மடங்கு வரை அதிகம் என்று அதில் இருக்கிறது.

காரணம் எளிது. 30 கிலோ இறங்கி மேட் கீழே போயிருக்கும் நேரத்தில் 17 கிலோ வந்து விழுந்தால், மேட் திரும்பி எழும்பும்போது அக்காவின் வேகம் மொத்தமும் தம்பியின் காலில் ஏறும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிற வழக்கமான வழி இது. குழந்தை கீழே விழவே வேண்டியதில்லை. வட்டமானாலும் செவ்வகமானாலும் இதில் மாற்றமில்லை. ஒரு நேரத்தில் ஒரு ஆள். அதேபோல் பல்டி வீட்டில் வேண்டாம். வகுப்பில் பயிற்சியாளர் முன்னால் எத்தனை வேண்டுமானாலும் போடட்டும்.

மரநிழல்

எல்லாரும் செவ்வகத்துப் பக்கமே சாயறீங்க. வட்டத்துக்கும் ஒரு ஓட்டு போடறேன்.

12 அடி வட்டமும் 9-க்கு 14 செவ்வகமும் பாக்கறப்ப செவ்வகம் பெருசா தெரியும்: ஃப்ரேம் கணக்குல 113 சதுர அடிக்கு எதிரா 126. ஆனா பிள்ளை ஃப்ரேம் மேல குதிக்கறதில்லை, மேட் மேலதான். வட்டத்துல 7 அங்குல ஸ்பிரிங், இழுபட்டு நிக்கறப்ப பக்கத்துக்கு 8 அங்குலம் போகும். மேட் விட்டம் 10 அடி 8 அங்குலம், பரப்பு 89 சதுர அடி. செவ்வகத்துல 8.5 அங்குல ஸ்பிரிங், பக்கத்துக்கு 10 அங்குலம் போச்சு. மேட் 7 அடி 4-க்கு 12 அடி 4, அதாவது 90 சதுர அடி. ஒரு சதுர அடி வித்தியாசத்துக்கு ரெண்டு மடங்கு காசு!

அப்புறம் உதிரி பாகம். டெக்சஸ் வெயில்ல மேட், பேட் (ஸ்பிரிங்கை மூடற மெத்தை), வலை மூணும் ஃப்ரேமுக்கு முன்னாடி போயிடும். வட்டத்துக்கு மாத்து மேட் எங்கேயும் கிடைக்கும். நாலு அளவு போதும்: ஃப்ரேமோட வெளி விட்டம், அதையே குறுக்கா இன்னொரு தடவை (ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா ஃப்ரேம் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம்), மேட் ஓரத்துல தைச்சிருக்கற முக்கோண வளையம் எத்தனை, கழட்டி வச்ச ஸ்பிரிங்கோட நீளம் கொக்கி முனையிலிருந்து கொக்கி முனை வரை. ஸ்பிரிங்கை மாட்டியிருக்கறப்ப அளந்தா ஒரு அங்குலம் கூட வரும், வாங்கின மேட் சின்னதா வந்து ஸ்பிரிங்கை மாட்டவே முடியாம இறுக்கமா நிக்கும். செவ்வகத்துல ஒவ்வொரு கம்பெனிக்கும் மூலை வளைவு வேற, நீளப் பக்கம் குட்டைப் பக்கம்னு ஸ்பிரிங் எண்ணிக்கை வேற. அந்தக் கம்பெனி அந்த மாடலை நிறுத்திட்டா தையல்காரர்கிட்ட சொல்லித் தைக்கற நிலைமைதான்.

திருகாணி

மேட் கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். ஆனா 12 அடி வட்டத்துக்கு அவர் இடத்துல துளி மிச்சம் இல்லையே. பேட்டியோ சிமெண்ட்டு சரியா ஆறாவது அடியில ஆரம்பிக்கும். டிராம்போலின் ஒரே இடத்துல நிக்காது. குதிக்கக் குதிக்க மெல்ல நகரும்.

கொல்லைப்புறம்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. அப்படியானால் 14 அடி வட்டம் கணக்கிலேயே இல்லை. 10 அடி வட்டம் ஒரு வழியா? அடுத்தது காற்று. வசந்த காலத்தில் இங்கே அடிக்கிற காற்றில் பக்கத்துத் தெருவில் ஒன்று கூரை மேல் கிடந்தது. வட்டம் அதிகம் பறக்குமா? இன்சூரன்ஸ், குடியிருப்போர் சங்கம் இதெல்லாம் எப்படி?

மரநிழல்

10 அடி வட்டம் சின்னவனுக்கு நல்லா இருக்கும். 9 வயசுப் பொண்ணுக்கு ரெண்டு வருஷத்துல அலுத்துடும். 22 அடியில அடங்கிடும்ங்கறது மட்டும்தான் அதுக்கு ஆதரவு.

காத்துல பறக்கறது வடிவத்தைவிட எடையையும் வலையையும் பொறுத்தது. வலை கட்டின டிராம்போலின் ஒரு பாய்மரம். வட்டம் எடை குறைவுங்கறதால முதல்ல கிளம்பும், ஆனா செவ்வகமும் கிளம்பும். புயல் எச்சரிக்கை வந்தா வலையைத் தூண்லேருந்து அவுத்து மேட் மேல சுருட்டிக் கட்டுங்க. பத்து நிமிஷ வேலை.

நங்கூரம் கட்டாயம் போடணும். திருகு மாதிரி இருக்கறதுதான் நல்லது, வளைஞ்ச கம்பி வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் ஒரு நங்கூரம்னு ஒண்ணரை அடி ஆழத்துக்கு இறக்கி, பட்டையால ஃப்ரேமோட சேத்து இறுக்கணும். காலோட மட்டும் கட்டினா கால் தரையில நிக்கும், ஃப்ரேம் உருவிக்கிட்டுப் போயிடும். நம்ம பக்கத்து மண் கறுப்புக் களி. கோவில்பட்டி கரிசல் மாதிரியேதான்: மழையில உப்பும், ஆகஸ்ட்ல கை நுழையற அளவுக்கு வெடிக்கும். ஏப்ரல்ல இறுக்கமா இருந்த நங்கூரம் ஆகஸ்ட்ல கையோட வரும். மாசத்துக்கு ஒருதடவை ஆட்டிப் பாருங்க. கோடையில ஒவ்வொரு கால் மேலயும் மணல் மூட்டை போட்டு வையுங்க.

திருகறதுக்கு முன்னாடி 811-க்கு போன் பண்ணுங்க. காசு கிடையாது. டெக்சஸ்ல 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும், சனி ஞாயிறு கணக்குல சேராது. கேஸ், கரண்ட், கேபிள் போற பாதையை வந்து கலர் அடிச்சுட்டுப் போவாங்க. உங்க ஸ்பிரிங்க்ளர் பைப்பை அவங்க காட்டமாட்டாங்க, அது உங்க சொந்தச் சொத்து. ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு தலை எங்கெங்க இருக்குன்னு குறிச்சு, ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவுல நேர்கோட்டுல திருகாதீங்க. டிராம்போலின் அடியில வர்ற தலையை மூடிடுங்க. தினம் தண்ணி பட்டா ஸ்பிரிங் துரு பிடிச்சுடும்.

இன்சூரன்ஸ் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி. சிலது டிராம்போலினால வர்ற காயத்தைப் பாலிசியிலிருந்தே விலக்கி வச்சிருக்கும், சிலது வலையும் பூட்டற கதவுள்ள வேலியும் கேக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஏஜெண்டுக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை நீங்க இல்லாதப்ப ஏறி விழுந்தாலும் கேள்வி உங்ககிட்டதான் வரும். குதிச்சு முடிச்சதும் ஏணியை கராஜுக்குள்ள வச்சுடுங்க. குடியிருப்போர் சங்கம் பெரும்பாலும் தெருவிலிருந்து தெரியுதான்னுதான் பாக்கும். விதிப் புத்தகத்துல "விளையாட்டுக் கருவி"ன்னு இருக்கற பகுதியைப் படிங்க.

குட்டிக்கரணம்

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. வலை இரண்டு விதம். ஃப்ரேமுக்கு வெளியே நிற்பது ஒன்று. பிள்ளை ஸ்பிரிங் மேலும் பேட் மேலும் விழும், வலை தடுக்காது. மேட் ஓரத்திலேயே கோத்து ஸ்பிரிங்கை வெளியே நிறுத்துவது இன்னொன்று. இரண்டாவதைத் தேடி வாங்குங்கள். வலை இருந்தால் அடிபடாது என்று நினைக்கவும் வேண்டாம். மேட்டின் மேலேயே நடக்கிற மோதலை எந்த வலையும் தடுக்காது.

செவ்வக வலையில் ஒரு பலவீனம் உண்டு: 14 அடி நேர்ப்பக்கத்தில் இரண்டு தூணுக்கு நடுவே மேல் விளிம்பு தொய்ந்துவிடும். நீளப் பக்கத்தில் மூன்று தூணாவது இருக்கிறதா என்று படத்தில் எண்ணிப் பாருங்கள். வெயில் தின்ற வலையைக் கண்டுபிடிக்க இரண்டு விரலில் பிடித்துச் சுண்டி இழுத்தால் போதும். நைந்த வேட்டி போலக் கிழிந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். தெற்கும் மேற்கும் பார்த்த பக்கம் முதலில் போகும்.

ஜூலை மதியம் கறுப்பு மேட் காலைச் சுடும். உள்ளங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் சாயங்காலம் வரட்டும்.

கொல்லைப்புறம்

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு மெயில் போட்டுவிட்டேன். செவ்வகம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊரில் ஒருவர் மூன்று வருஷம் பழைய 9-க்கு 14 ஒன்றைப் புது வட்டத்தின் விலைக்குத் தருகிறேன் என்கிறார். பார்க்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும்? கழற்றி மாட்டுவது எப்படி?

திருகாணி

கையில நூல் கொண்டு போங்க. நீளப் பக்கத்துல ஒரு மூலை வளைவு முடியற இடத்துலேருந்து இன்னொரு வளைவு ஆரம்பிக்கற இடம் வரை குழாயோட வெளிப்பக்கமா நூலை இழுத்துப் பிடிங்க. நடுவுல குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல இருந்தா குழாய் உள்பக்கமா வளைஞ்சாச்சு. திரும்பிப் பாக்காம வந்துடுங்க. வளைஞ்ச குழாய் நிமிராது, புது மேட் போட்டாலும் நடுவுல தொய்வா இருக்கும்.

அடுத்தது இணைப்பு. குழாய் குழாய்க்குள்ள சொருகற இடம், கால் வெல்டிங் வெச்சிருக்கற இடம். மேல பழுப்புத் தூசி மட்டும்னா துடைச்சா போயிடும். ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்தினா செதில் செதிலா உதிர்ந்தா வேண்டாம். ஸ்பிரிங்கை கண்ணால பாருங்க: சும்மா நிக்கறப்பவே ஒண்ணுல சுருளுக்குச் சுருள் இடைவெளி மத்ததைவிட அதிகமா இருந்தா இழுத்துப் போச்சு. அஞ்சாறுன்னா தனியா வாங்கி மாத்தலாம், பாதிக்கு மேலன்னா முழு செட்டையும் மாத்தற விலையைக் கழிச்சுப் பேசுங்க. மேட்டுல முக்கோண வளையத்தைப் பிடிச்சிருக்கற தையலை விரலால நெம்பிப் பாருங்க. மேட் துணி நல்லா இருந்து தையல் மட்டும் பொடிஞ்சு போறதுதான் இங்க சகஜம். பேட், வலை ரெண்டும் புதுசு வாங்கற கணக்குலயே போங்க. ஆனா பேசி முடிக்கறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு அது ரெண்டும் இன்னும் விக்குதான்னு பாத்துடுங்க.

கழட்டறப்ப கையுறையும் கண்ணாடியும் போடுங்க. ஸ்பிரிங் இழுக்கற கொக்கி இல்லாம ஆரம்பிக்காதீங்க. ஒரே பக்கமா வரிசையா கழட்டினா எதிர்ப்பக்கம் இழுவையில ஃப்ரேம் கோணிக்கும், கடைசி ஸ்பிரிங்குல கை மாட்டும். ஒரு பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் நாலுன்னு மாறி மாறிப் போங்க. குழாய் துண்டுகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் எழுதி, நாலு பக்கமும் போட்டோ எடுங்க. சில மாடல்ல நீளப் பக்க ஸ்பிரிங்கும் குட்டைப் பக்க ஸ்பிரிங்கும் வேற வேற நீளம். தனித்தனி வாளியில போட்டா குழப்பம் இல்லை.

மாட்டறப்பவும் எதிரெதிர்தான். மேட்டுல வளையத்தையும் ஃப்ரேம்ல ஓட்டையையும் பக்கத்துக்குப் பக்கம் எண்ணி, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடு எதுன்னு சாக்பீஸ்ல குறிங்க. அங்கங்க மாட்டி மேட்டை நிலைநிறுத்தி, அப்புறம் இடைவெளிகளைப் பாதி பாதியா நிரப்புங்க. ஒரு ஓட்டை தவறினாலும் கடைசியில ஒரு ஸ்பிரிங் சாய்வா நிக்கும், இல்லை ஒரு வளையம் அனாதையா மிஞ்சும். அப்படியே விட்டுடலாம்னு தோணும், விடாதீங்க. சாய்ஞ்ச ஸ்பிரிங் வளையத்தை அறுத்துடும். கொக்கியோட கூர்முனை ஃப்ரேம் ஓட்டைக்குள்ள கீழ்நோக்கி இறங்கணும், மேல பாத்து நின்னா பேட்டைக் குத்திக் கிழிக்கும்.

ரெண்டு பெரியவங்க, மூணு மணி நேரம். சாயங்காலம் ஆரம்பிச்சு இருட்டுல முடிக்கற வேலை இல்லை. அவர் வேன் கொடுக்கறாரான்னு கேளுங்க, 14 அடி குழாய் ரெண்டு துண்டா பிரியலைன்னா உங்க காருக்குள்ள போகாது.

மரநிழல்

நூல்ல அரை அங்குலத்துக்கு மேல வந்தா அந்தக் காசுக்கு 12 அடி வட்டம் புதுசா எடுத்துடுங்க. பேட்டியோ பக்கம் இடம் போதலைன்னா வேலிப் பக்கம் பூச்செடி வரிசை ஏதாவது இருந்தா அதை எடுத்துட்டு அளந்து பாருங்க. நீங்க சொன்ன 24 அடி வேலிப் பலகை வரைக்குமா, செடி வரைக்குமா?

கொல்லைப்புறம்

செடி வரைக்கும்தான் அளந்தேன்! பலகை வரை 26 அடி 4 அங்குலம். சனிக்கிழமை நூலோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.